பெரிய கேமரா வேணாம், அண்ணி

1

ஒரு கேமரா வாங்க நான்கு சனிக்கிழமை எடுத்துக்கொண்டேன் என்று சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். இங்கே வீடு வாங்கியபோதுகூட நான் இவ்வளவு யோசிக்கவில்லை. வங்கியில் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு அன்று மாலையே டியூட்டிக்குப் போனவள்.

அயர்லாந்தில் லிமெரிக் என்ற ஊரில், ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். வந்து பதினாறு வருடம் ஆகிறது. பிறந்து வளர்ந்தது அன்னவாசலுக்குப் பக்கத்தில். வாரத்தில் நான்கு நாள், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை. மீதி மூன்று நாளில் ஒரு நாள் தூக்கத்துக்குப் போய்விடும். ஒரு நாள் துணி துவைக்கவும் ஏதாவது ஓர் அலுவலகத்தின் ஃபார்மை நிரப்பவும். இன்னொரு நாள் மகள் இனியாவைக் காரில் ஏற்றுவதும் இறக்குவதுமாகக் கழியும். அந்த மூன்றாவது நாளில்தான், அவளை நீச்சல் வகுப்பில் இறக்கிவிட்டு, பக்கத்துத் தெருவில் இருந்த கேமராக் கடைக்குப் போனேன்.

கடையில் காதுக் கருவி மாட்டிய ஒரு பெரியவர் இருந்தார். கண்ணாடி மேசைமேல் இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தார். ஒன்று மிரர்லெஸ். பழைய பெரிய கேமராக்களின் உள்ளே ஒரு கண்ணாடி இருக்குமாம், அதை எடுத்துவிட்டதால் எடை குறைந்துவிட்டதாம். லென்ஸைக் கழற்றி மாற்றலாம், மங்கலான வெளிச்சத்திலும் படம் தெளிவாக விழும், தூரத்தில் நிற்கிறவர் முகத்தைப் பக்கத்தில் கொண்டு வரலாம் என்றார். இன்னொன்று உள்ளங்கையில் அடங்குகிற காம்பாக்ட். லென்ஸை மாற்ற முடியாது, இருட்டில் தடுமாறும். ஆனால் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம்.

"யாருக்கு?" என்று கேட்டார்.

"என் தம்பி மனைவிக்கு."

"அவர் எது வேண்டும் என்றார்?"

"சின்னது."

"பிறகென்ன யோசனை?" என்று பெரியதை எடுத்து உள்ளே வைக்கப் போனார். "இருக்கட்டும், அதையும் இன்னொரு தடவை காட்டுங்கள்" என்றேன். அவர் அதை மறுபடியும் மேசைமேல் வைத்தார். வியாபாரத்தில் என்னைப் போல நிறையப் பேரைப் பார்த்திருப்பார்.

2

வாசுகி அனுப்பிய குரல் செய்தி இது. வாசுகி என் தம்பி சரவணனின் மனைவி. புதுக்கோட்டையில் இருக்கிறார்கள். சரவணனுக்கு டிராக்டர் உதிரிபாகக் கடையில் வேலை. பிள்ளைகள் இரண்டு பேர், பெண்ணுக்கு எட்டு வயது, பையனுக்கு ஐந்து. இரண்டு பேருக்கும் சேர்த்துக் காது குத்துவதை, எனக்கு லீவு கிடைக்கவில்லை என்று இரண்டு முறை தள்ளி வைத்துவிட்டு, இந்தத் தடவை தேதி குறித்துவிட்டார்கள்.

"அண்ணி, நல்லா இருக்கீங்களா? இனியா நல்லா இருக்கா? இந்தத் தடவ வரும்போது ஒரு கேமரா வாங்கிட்டு வாங்கண்ணி. பெரிய கேமரா வேணாம், அண்ணி. கைக்குள்ள அடங்குற மாதிரி சின்னதா ஒண்ணு போதும். போன்ல எடுக்குறது போனோடயே போயிருது. போன வருஷம் தண்ணியில விழுந்ததுல பிள்ளைய படம் அம்புட்டும் போச்சு. கேமரான்னா கார்ட கழட்டிக் கொண்டுபோயி ஸ்டுடியோவுல குடுத்துப் போட்டுக்கிறலாம்ல. காதுகுத்துக்கு நாங்களே எடுத்துக்கிறோம். நீங்க வந்து நிம்மதியா ஒக்காருங்க."

நாற்பது விநாடி இருக்கும். ஓய்வறையில் சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன். பிறகு திரும்பவும் கேட்டேன். குரலில் ஒரு குத்தலும் இல்லை. வாசுகி குத்திப் பேசத் தெரியாதவள். அதனால்தான் 'நாங்களே எடுத்துக்கிறோம்' என்பது எனக்கு அப்படி உறைத்தது.

ஏன் உறைத்தது என்று சொல்ல, அவர்கள் கல்யாணத்துக்குப் போக வேண்டும்.

3

பதினோரு வருடம் ஆகிறது. அப்போது நான் அயர்லாந்துக்கு வந்து ஐந்து வருடம். கையில் கொஞ்சம் காசு சேர்ந்து, ஒரு பெரிய கேமரா வாங்கியிருந்தேன். கழுத்தில் மாட்டினால் பிடரி வலிக்கும். அதற்கு இரண்டு லென்ஸ், ஒரு முதுகுப்பை, துடைக்க ஒரு துணி, தூசி ஊத ஒரு ரப்பர் உருண்டை. வார்டில் கூட வேலை செய்கிறவர்கள் படம் பிடிப்பதைப் பற்றிப் பேசினால் நானும் இரண்டு வார்த்தை சொல்லலாம். வெளிநாட்டுக்கு வந்தவளுக்கு அதுவும் ஒரு தெம்பாக இருந்தது.

சரவணன் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனேன். அன்னவாசல் ஸ்டுடியோக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, ஆல்பம் எத்தனை பக்கம், வீடியோ எத்தனை மணி நேரம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் உள்ளே இருந்து வந்து, "வேணாங்க, நானே எடுத்துக்கிறேன்" என்றேன். என் கேமராவைக் கொண்டுவந்து காட்டவும் செய்தேன். அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்ல கேமராதாங்க. ஆனா கல்யாண வேல இருக்குமே ஒங்களுக்கு" என்றார். மாப்பிள்ளையின் கூடப் பிறந்த அக்கா நான் ஒருத்திதான். அதைத்தான் அவர் நாசூக்காகச் சொன்னார். எனக்கு ஏறவில்லை.

பெண் வீட்டுக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. ஸ்டுடியோ இல்லாத கல்யாணமா என்று முணுமுணுப்பு. அதை அடக்கியவர் வாசுகியின் அப்பா. கட்டுமாவடியில் இருந்து புதுக்கோட்டை மார்க்கெட்டுக்கு மீன் வண்டி ஓட்டுகிறவர். உயரமான ஆள். "மாப்ள கூடப் பொறந்த புள்ள எடுக்குது. அதுக்கு மேல என்னத்த வேணும்? நீ எடு ஆத்தா, நல்லா எடு" என்றார்.

எடுத்தேன். தாலி கட்டும்போது முதல் முடிச்சு மாப்பிள்ளை போட, அடுத்த இரண்டு முடிச்சையும் பின்னால் நின்று நாத்தனார் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். கெட்டிமேளம் கொட்டும்போது நான் மேடைக்குக் கீழே ஒரு நாற்காலிமேல் ஏறி நின்று லென்ஸைத் திருகிக்கொண்டிருந்தேன். அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது காதில் விழுந்தது. ஒரு நிமிடம், ஒரு நிமிடம் என்று நான் கையைக் காட்டினேன். முகூர்த்தம் ஒரு நிமிடமெல்லாம் நிற்காது. எங்கள் சித்தப்பா மகள் அந்த இரண்டு முடிச்சையும் போட்டாள். அந்தப் படம் மிகத் தெளிவாக விழுந்தது. அவள் வளையலில் இருக்கிற பூவேலையைக்கூட எண்ணலாம்.

அன்று முழுவதும் அம்மா என்னிடம் பேசவில்லை. சரவணன்தான், "விடும்மா, அக்கா எடுத்த படத்தப் பாத்தா நீயே சந்தோசப்படுவ" என்று சமாதானம் சொன்னான்.

4

அந்தப் படங்களை யாரும் பார்க்கவில்லை.

இதற்குக் காரணம் சொல்ல ஆரம்பித்தால் எனக்கே அலுப்பாக இருக்கிறது. ஆயிரத்து எண்ணூறு சொச்சம் படங்கள். அதையும் சாதாரணமாக எடுக்காமல், கம்ப்யூட்டரில் ஏற்றி ஒவ்வொன்றாக நிறம் சரிசெய்தால்தான் பிறர் பார்க்க முடியும் என்கிற ஒரு வகையில் எடுத்திருந்தேன். அதுதான் உயர்ந்த முறை என்று எங்கோ படித்திருந்தேன். இங்கே திரும்பி வந்து ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டேன். நாற்பது படம் சரிசெய்தேன். அதற்குள் டியூட்டி மாறியது, இனியாவுக்கு அம்மை போட்டது, வீடு மாற்றினோம், லேப்டாப் கெட்டுப்போனது. டிஸ்கை ஒரு நீலப் பைக்குள் போட்டு, பத்திரமாக, அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். பத்திரமாக வைத்தால் வேலை முடிந்தது போல ஒரு நினைப்பு நமக்கு வந்துவிடுகிறது.

முதல் வருடம் சரவணன் கேட்டான். "ஆல்பமாவே போட்டுக் கொண்டாரேன்" என்றேன். இரண்டாவது வருடம் அம்மா கேட்டாள். மூன்றாவது வருடத்தில் இருந்து யாரும் கேட்கவில்லை. புதுமணத் தம்பதி வீட்டுக்குப் போனால் காபியோடு ஆல்பத்தையும் எடுத்துக் கையில் கொடுப்பார்கள் அல்லவா? வாசுகி வீட்டுக்கு வந்தவர்கள் கேட்டால், "ஆல்பம் அண்ணிட்ட இருக்கு. அயர்லாந்துல இருக்கு" என்று சொல்வாளாம். அம்மா போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன்.

கல்யாணமான நான்காவது வருடம், மார்க்கெட்டில் மீன் பெட்டியை இறக்கும்போது வாசுகியின் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எனக்குச் சரவணன் அனுப்பிய செய்தியை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். 'அக்கா, மாமா தவறிட்டாங்க. மாமா படம் இருந்தா ஒடனே அனுப்புக்கா. பெருசு பண்ணி வைக்கணும். இங்க ஒண்ணுமே இல்ல.'

வேலை நேரத்தில் போன் லாக்கருக்குள் இருக்க வேண்டும் என்பது எங்கள் இல்லத்தின் விதி. எட்டு மணி நேரம் கழித்துத்தான் பார்த்தேன். அழுதேன். 'தேடுறேன்' என்று பதில் போட்டேன். வீட்டுக்கு வந்து நீலப் பையை இறக்கினால், டிஸ்கைச் சொருகுகிற ஒயர் இல்லை. மூன்று நாள் தொடர்ச்சியாக வேலை பார்த்திருந்தேன். கொஞ்சம் படுத்து எழுந்து தேடலாம் என்று படுத்தேன். எழுந்தபோது சரவணன் கூப்பிட்டிருந்தான்.

"பரவால்லக்கா. வோட்டர் ஐடியில இருந்தத வச்சு ஸ்டுடியோவுல பெருசு பண்ணிட்டோம்."

ஸ்டுடியோ என்ற சொல்லை அவன் சாதாரணமாகத்தான் சொன்னான்.

அடுத்த வருடம் போனபோது அந்தப் படத்தைச் சுவரில் பார்த்தேன். வாக்காளர் அட்டையில் இருக்கிற தபால்தலை அளவுப் படத்தை ஒன்றரை அடிக்கு இழுத்தால் எப்படி இருக்கும்? ஒரு கண் பாதி மூடியிருந்தது. உதடு இறுக மூடியிருந்தது. சட்டைக் காலருக்கு ஸ்டுடியோவில் வெள்ளை நிறம் பூசியிருந்தார்கள். ஏதோ விசாரணைக்குக் கொண்டுவந்து நிறுத்தப்பட்டவர் மாதிரி பார்த்தார். அதற்குச் சந்தன மாலை போட்டு, கீழே சின்ன விளக்கு. வாசுகி எனக்குக் காபி கொடுத்துவிட்டு, சீனி போதுமா என்று கேட்டாள். அந்த வீட்டில் என்னால் அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டி உட்காரவும் முடியவில்லை, முகத்தைக் காட்டி உட்காரவும் முடியவில்லை.

அப்போதாவது திரும்பி வந்து டிஸ்கைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. வெட்கம் வந்துவிட்டால் மனிதர்கள் வேலையை இன்னும் தள்ளிப்போடுவார்கள் என்பதை நான் என்னை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். மேலும் ஆறு வருடம் ஓடிற்று.

5

இந்த வருடம் ஊருக்குக் கிளம்புவதற்கு இனியாவின் ஓசிஐ அட்டையை, விசா இல்லாமல் இந்தியா போய்வர உதவுகிற அட்டையை, புதுப்பிக்க வேண்டியிருந்தது. அவளுக்குப் பதினான்கு வயது. இங்கேதான் பிறந்தாள், இந்த நாட்டுப் பாஸ்போர்ட். அட்டைக்குப் படம் எடுக்க ஒரு பக்கத்துக்கு விதி: பின்னால் வெள்ளையாக இருக்க வேண்டும், இரண்டு காதும் தெரிய வேண்டும், பல் தெரியக் கூடாது, சிரிக்கக் கூடாது. இனியாவால் கேமராவைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க முடியாது. இரண்டு முறை படம் சரியில்லை என்று திரும்பி வந்தது. தப்பு எங்களுடையதுதான். மூன்றாவது முறை நான் அவளைச் சத்தம் போட்டேன். நீ இப்படிச் செய்தால் லீவே வீணாகிவிடும் என்று கத்தினேன். அந்த முகத்தோடு எடுத்த படத்தை உடனே ஏற்றுக்கொண்டார்கள்.

அவள் அதைப் பார்த்துவிட்டு, "இது நான் இல்லை, அம்மா" என்றாள்.

எனக்குச் சுவரில் இருந்த அந்த முகம் ஞாபகம் வந்தது. அவரையும் யாரோ ஒருவர் நிமிர்ந்து உட்கார், ஆடாதே என்று சொல்லித்தானே எடுத்திருப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், வெளியே மழை, கடையில் வாங்கிய புது ஒயரைப் போட்டு டிஸ்கைத் திறந்தேன். கெட்டுப்போயிருக்கும் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன். கெட்டுப்போயிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். எல்லாப் படமும் அப்படியே இருந்தது.

இனியா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஊர் விஷயம் எதற்கும் அவள் அவ்வளவு சீக்கிரம் வந்து உட்காருகிறவள் இல்லை. போனில் மாமாவிடம் பேசச் சொன்னால், "மாமா, நீ சாப்பிட்டியா?" என்று ஒரே ஒரு வாக்கியம் பேசிவிட்டு போனை என்னிடம் நீட்டுவாள். 'நீங்க' என்று சொல்லச் சொல்லி நான் ஓய்ந்துவிட்டேன். சரவணன், "இருக்கட்டும்க்கா, கேக்குதே, அதுவே பெருசு" என்பான்.

மேடையில் வாசுகியின் அப்பா இருந்த படங்கள் ஐந்து. ஐந்திலும் கையைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு விறைப்பாக நின்றார். ஆறாவது படத்தில் இனியா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். சமையல் கொட்டகையில், கவிழ்த்துப் போட்ட ஓர் அண்டாமேல் உட்கார்ந்து, டம்ளரில் பாயசத்தை வைத்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். வெற்றிலைச் சிவப்பு வாயில் முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. பந்தலின் மறுகோடியில் இருந்து தூரத்து லென்ஸால் எடுத்தது. நான் எடுத்ததே அவருக்குத் தெரிந்திருக்காது.

"யார் இது?"

"வாசுகி அத்தையோட அப்பா."

"எல்லாரும் போட்டோவுக்காக நிற்கிறார்கள். இவர் ஒருவர்தான் கல்யாணத்தில் இருக்கிறார்" என்றாள் ஆங்கிலத்தில்.

அதில் இருந்துதான் கேமராக் கடையில் என் குழப்பம். அந்த ஒரு படத்தை இந்தச் சின்னக் கேமரா எடுத்திருக்காது. அவ்வளவு தூரம் எட்டியிருக்காது, கொட்டகை வெளிச்சத்தில் கலங்கிப் போயிருக்கும். அதனால் வாசுகிக்குப் பெரியதையே வாங்கிக் கொடுத்துவிடலாமா? செய்த தப்புக்கு நல்லதாகவே ஒன்று செய்த மாதிரி இருக்குமே? மூன்று சனிக்கிழமை இப்படியே போனது. பெரியதைக் கையில் எடுப்பேன், ஒரு கண்ணை மூடி அதன் வழியாகத் தெருவைப் பார்ப்பேன். மழையில் போகிறவர்களின் முகம் பக்கத்தில் வரும். பிறகு நினைப்பேன்: இதை அவளிடம் கொடுத்தால் இதை எப்படிப் பிடிப்பது என்று என்னிடம்தான் கேட்க வேண்டும். படம் எடுத்தால் திறப்பது எப்படி என்று என்னிடம்தான் கேட்க வேண்டும். அவள் கேட்டதே இனிமேல் யாரிடமும் கேட்காமல் இருப்பதற்குத்தான்.

நான்காவது சனிக்கிழமை சின்னதைச் சொன்னேன். கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். இருந்த கடைசி ஒன்றையும் ஒரு கல்லூரி மாணவி வாங்கிப் போய்விட்டாளாம். இந்த மாதிரிச் சின்னக் கேமரா திடீரென்று பிள்ளைகளுக்குப் பிடித்துப்போய்விட்டதாம். இன்னொரு கிளையில் இருந்து வரவழைக்கப் பத்து நாள் ஆனது. கிளம்புவதற்கு முந்தின நாள் கையில் கிடைத்தது.

6

பெட்டியில் கேமராவும், கல்யாணப் படங்களை ஒருவழியாகச் சரிசெய்து எண்பது பக்கத்தில் அச்சடித்த ஆல்பமும், கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு படமும் கொண்டுபோனேன். சட்டம் உடையக் கூடாதென்று என் புடவைகளுக்கு நடுவில் வைத்தேன். திருச்சி விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். அலுவலர் சட்டத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "அப்பாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அந்த வரிசையில் நின்றுகொண்டு என்ன விளக்க முடியும்?

வாசுகி முதலில் கேமரா டப்பாவைத்தான் பிரித்தாள். உள்ளங்கையில் வைத்து மூடித் திறந்து பார்த்தாள். அடியில் இருந்த மூடியைத் தள்ளி, கார்டை அவளே வெளியே எடுத்து, திரும்பச் சொருகினாள்.

"இத எடுத்துக் குடுத்தாப் போதும்லண்ணி? வேற ஒண்ணும் செய்ய வேணாம்ல?"

"ஒண்ணும் வேணாம். குடுத்த ஒடனே போட்டுத் தந்துருவாங்க."

"ம்" என்றாள். அதில் அவளுக்கு அவ்வளவு திருப்தி.

பிறகு ஆல்பத்தைக் கொடுத்தேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பிள்ளைகள் இரண்டு பக்கமும் வந்து உட்கார்ந்தார்கள். மேடைப் படங்களில் தன்னைப் பார்த்துச் சிரித்தாள். "இம்புட்டு ஒல்லியாவா இருந்தேன்?" முடிச்சுப் போடுகிற படம் வந்தபோது விரலை வைத்து, "இது ஒங்க சித்தப்பா மகதான? அப்ப நீங்க எங்கண்ணி?" என்றாள். "எடுத்துக்கிட்டு இருந்தேன்" என்றேன். அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். எண்பது பக்கத்தில் ஒன்றில்கூட நான் இல்லை.

அதன் பிறகுதான் அந்தச் சட்டத்தைத் துணியில் இருந்து பிரித்து அவள் மடியில் வைத்தேன்.

வாசுகி குனிந்து பார்த்தாள். கண்ணாடிமேல் ஒரு விரலால் அந்த வாயைத் தொட்டாள்.

"எங்கப்பாவுக்கு இந்தப் பல்லு ஒடஞ்சிருக்கும்ல" என்றாள். "எனக்கு மறந்தே போச்சுண்ணி."

அழுதாள். நானும் அழுதேன். சரவணன் எழுந்து போய் ஒரு ஸ்டூலை எடுத்து வந்தான். சுவரில் இருந்த பழைய படத்துக்கு நேராகப் போட்டு ஏறினான். இவ்வளவு வருடத்துக்குப் பிறகு ஒன்றாவது சரியாகிறது என்று எனக்குள் ஒரு சின்ன நிம்மதி வந்தது. அதை மறைக்க மாட்டேன். அந்த நிம்மதிக்காகத்தான் நான் அவ்வளவு தூரம் சட்டத்தைச் சுமந்து போயிருந்தேன்.

"வேணாங்க. எறக்காதீங்க" என்றாள் வாசுகி.

சரவணன் மாலையைப் பிடித்த கையோடு திரும்பினான். "ஏன்? இதுல எம்புட்டு நல்லா இருக்காரு மாமா!"

"நல்லாத்தான் இருக்காரு." அவள் மடியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏழு வருசமா அந்த மொகத்துக்குத்தான் வெளக்கு வைக்கிறேன். பரிச்சைக்குப் போகையில பிள்ளைய அந்த மொகத்தத்தான் கும்புட்டுட்டுப் போகுதுக. அதுகளுக்குத் தாத்தான்னா அவருதான். இப்பப் போயி வேற ஆள மாட்டச் சொல்றீங்களே."

அவள் மகள் மடியில் இருந்த படத்தை எட்டிப் பார்த்துவிட்டு, சுவரைப் பார்த்துவிட்டு, "இது யாரும்மா?" என்றாள்.

சரவணன் ஸ்டூலில் இருந்து இறங்கினான். வாசுகி படத்தை அதே துணியில் சுற்றி, உள்ளே கொண்டுபோய், பீரோவில் புடவைகளுக்கு நடுவில் வைத்தாள். பீரோ சாத்துகிற சத்தம் கேட்டது. வெளியே வந்து, "காபி போடவாண்ணி?" என்றாள்.

7

காதுகுத்து நல்லபடியாக நடந்தது. குலதெய்வம் கோயிலில் வெயில் தாளவில்லை. வாசுகியின் அண்ணன் மடியில் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். பெண் அழவில்லை, பையன் ஊரைக் கூட்டினான். வாசுகி பட்டுப் புடவையில் அந்தச் சின்னக் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரையும் எடுத்தாள். ஆட்டை எடுத்தாள், பந்தியை எடுத்தாள், மொட்டையடித்த தலைகளை எடுத்தாள். அவள் எடுக்கும்போது யாரும் விறைத்து நிற்கவில்லை. அவ்வளவு சின்னதைப் பார்த்து யார் விறைப்பார்கள்?

நான் அவள் சொன்னபடி உட்கார்ந்திருந்தேன். கையில் ஒன்றும் இல்லாமல் ஒரு விசேஷத்தில் உட்காருவது எப்படி என்று எனக்கு மறந்திருந்தது. வருகிறவர்கள் நின்று விசாரித்தார்கள். யாரோ ஒரு கைக்குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

"அண்ணி, இங்கிட்டுத் திரும்புங்க" என்று குரல் கேட்டது. திரும்பினேன். வாசுகி நான்கடி தூரத்தில் நின்றாள். ஒரு பக்கம் அவள் மகள், காதில் புதுத் தோடும் மஞ்சளுமாக என் தோளில் சாய்ந்திருந்தாள். இன்னொரு பக்கம் இனியா, எதற்கோ வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். 'கிளிக்' என்றது. "எங்க கல்யாணத்துலதான் நீங்க ஒண்ணுலயும் இல்ல. இதுல இருங்க" என்றாள் வாசுகி. பின்பக்கத் திரையில் ஒரு விநாடி காட்டினாள். வெயில் கண்ணாடிமேல் விழுந்ததில் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பதினாறு வருடத்தில் ஊரில் எடுத்த படத்தில் நான் இருப்பது அதுதான் முதல் தடவை.

திரும்பி வந்து இரண்டு மாதம் ஆகிறது. அதே நான்கு நாள், அதே பன்னிரண்டு மணி நேரம். இனியா அவள் அறைக்குள் போய்விட்டாள். கதவைத் தட்டிவிட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது. அங்கே என் தோளில் சாய்ந்து சிரித்த பெண்தானா இவள் என்று சில நாள் தோன்றும். அந்தப் படம் மட்டும் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

கேட்க எனக்கு வாய் வரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? ஆறாவது வாரத்தில், வெட்கத்தை விட்டு, வாசுகிக்கு ஒரு செய்தி அனுப்பினேன். அந்த ஒரு படம், முடிந்தால், அவசரமில்லை.

எட்டு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. பிள்ளைகளுக்குப் பரீட்சை, அவள் அம்மாவுக்குக் கால் வலி என்று ஆஸ்பத்திரிக்கு அலைச்சல், ஸ்டுடியோவுக்கு இன்னும் போகவில்லை, கார்டை எங்கேயோ பத்திரமாக வைத்திருக்கிறாளாம். கடைசியில், 'தேடுறேன் அண்ணி' என்று போட்டிருந்தாள்.

அதில் கோபமோ கணக்குத் தீர்ப்பதோ எதுவும் கிடையாது. வாசுகி அப்படிப்பட்டவள் இல்லை. உண்மையாகவே தேடுவாள். நானும் அன்றைக்குச் சரவணனிடம் உண்மையாகத்தான் சொன்னேன்.